‘விங்ஸ்’ ப்ளூ-ரே: மீண்டு வந்த மேகங்களும் சொல்லாமல் விட்ட கணக்கும்

1927 இல் வெளிவந்த ‘விங்ஸ்’ என்னும் மௌனப் படத்தைப் பாரமவுண்ட் நிறுவனம் தன்னுடைய நூற்றாண்டையொட்டிச் சீரமைத்து, 2012 ஜனவரியில் ப்ளூ-ரே தட்டாகவும் டிவிடியாகவும் வெளியிட்டது. 1929 மே மாதம் நடந்த முதலாவது ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது இதுதான் என்பதால், பழைய படங்களைச் சேகரிக்கும் பழக்கமுள்ளவர்கள் பலர் இதை வாங்கி வைத்துவிட்டு, பார்க்காமலேயே விட்டிருக்கக்கூடும். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 144 நிமிடங்கள் ஓடும் ஒரு பேசாத படத்தை இன்று உட்கார்ந்து பார்ப்பது எளிதன்று என்று அவர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு. என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வான்சண்டைக் காட்சிகளைப் பொறுத்தவரை, வீட்டுத் திரையில் நான் பார்த்த பழைய விமானப் படங்களில் இதற்கு இணையான பதிப்பு வேறொன்று இல்லை. ஆனால் சீரமைத்தவர்கள் எதைக் கண்டெடுத்தார்கள், எதைப் புதிதாகச் செய்து சேர்த்தார்கள் என்ற கணக்கை, காசு கொடுத்து வாங்கியவரிடம் முழுமையாக ஒப்படைக்கவில்லை. இந்தக் குறை சிறியதன்று என்றே கருதுகிறேன்.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள்; முதல் உலகப் போர் வருகிறது; இருவரும் விமானிகளாகிப் பிரான்ஸுக்குச் செல்கிறார்கள்; பகை நட்பாகிறது. அடுத்த வீட்டுப் பெண்ணாக வரும் கிளாரா போ அந்நாளில் பாரமவுண்டின் மிகப் பெரிய நட்சத்திரம் என்பதால் பெயர்ப் பட்டியலில் அவர் முதலிடத்தில் இருக்கிறார். கதையில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அந்த அளவுக்குப் பெரிதன்று. பாரிஸ் விடுதிக் காட்சியில் போதையேறிய கதாநாயகனின் கண்ணுக்கு எங்கு பார்த்தாலும் குமிழிகள் தோன்றும் பகுதி இன்றைக்கு நீளமாகப்படுகிறது. ஆனால் அதே விடுதியில் கேமரா வரிசையாக மேஜைகளின் மேலாக, அமர்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து முன்னேறும் அந்த ஒரே ஓட்டத்துக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கேரி கூப்பர் கூடாரத்துக்குள் வந்து, ஒரு சாக்லேட்டைக் கடித்துவிட்டு வெளியேறும் சில நிமிடங்களும் அப்படித்தான்.

இந்தப் படத்தின் உயிர் ஆகாயத்தில் இருக்கிறது. இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்காகப் போர் விமானம் ஓட்டியவர். கதையை எழுதிய ஜான் மங்க் சாண்டர்ஸ் விமானப் பயிற்சியாளராக இருந்தவர். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரை ஒட்டிய ராணுவத் தளங்களில், அமெரிக்க ராணுவத்தின் விமானங்களையும் விமானிகளையும் ஆயிரக்கணக்கான வீரர்களையும் கொண்டு படப்பிடிப்பு நடந்தது. 1918 செப்டம்பரில் நடந்த சான் மியேல் போரை அங்கேயே பதுங்குகுழிகள் வெட்டி மீண்டும் நடத்திக் காட்டினார்கள். நடிகர்கள் வானில் உண்மையாகவே பறந்தார்கள். ரிச்சர்ட் ஆர்லனுக்கு ஏற்கனவே பயிற்சி இருந்தது; சார்லஸ் ராஜர்ஸ் இந்தப் படத்துக்காகவே விமானம் ஓட்டக் கற்றார். நடிகரின் முகத்தை நோக்கி விமானத்தின் முன்பகுதியில் மோட்டார் கேமராவைப் பொருத்திவிடுவார்கள்; உடன் செல்லும் விமானி கேமராவின் கண்ணுக்குப் படாமல் குனிந்துகொள்ள, நடிகரே விசையை அழுத்திக் கேமராவை ஓடவிட்டு நடிப்பார். ஆகையால் அந்த முகங்களுக்குப் பின்னால் சாய்வதும் சுழல்வதும் மெய்யான தரை, மெய்யான வானம். தரையில் மோதும் காட்சிகளைச் செய்த சாகச விமானி டிக் கிரேஸ் ஒரு மோதலில் கழுத்து எலும்பை முறித்துக்கொண்டார்.

வெல்மன் மேகங்களுக்காகக் காத்திருந்த கதை சினிமா வரலாற்றில் புகழ்பெற்றது. மேகமில்லாத வானில் விமானத்தைப் படம் பிடித்தால் அதன் வேகம் தெரியாது என்பது அவர் வாதம். செலவு ஏறுவதைக் கண்டு ஸ்டூடியோ பொறுமை இழந்தபோதும் அவர் அசையவில்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. புதுக்கோட்டைச் சாலையிலுள்ள விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானப் பிரிவு வந்து சேர்ந்ததிலிருந்து, வயலில் நிற்பவர்களும் மாடியில் துணி உலர்த்துபவர்களும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில், துடைத்துவிட்டதுபோன்ற வானத்தில் அது செல்லும்போது சத்தம் மட்டுமே மிரட்டும், வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் அடுக்கடுக்காக நிற்கும்போது அதே விமானம் ஒரு மேகத்திலிருந்து வெளிப்பட்டு அடுத்ததற்குள் நுழைவதைப் பார்த்தால்தான் அது எத்தனை விரைவானது என்பது புரியும். வெல்மன் கேட்டது அந்த அளவுகோலைத்தான்.

ஆகவே இந்தத் தட்டு முதலில் தேற வேண்டிய சோதனை மேகங்களே. அதில் நன்றாகத் தேறியிருக்கிறது. பழைய வீடியோ நாடாப் பிரதிகளில் மேகமும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து, விமானங்கள் எதன் முன்னால் பறக்கின்றன என்பதே தெரியாமல் இருந்தன. இப்போது மேகத்தின் வெளிச்சம் படும் விளிம்பு, நிழல் விழுந்த அடிப்பகுதி, அவற்றின் இடையே தெரியும் ஆழம் மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன; தொலைவில் ஒரு சிறு புள்ளியாகத் தொடங்கும் எதிரி விமானத்தை, அது மேகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கண் கண்டுபிடித்துவிடுகிறது. இறக்கைகளை இணைக்கும் கம்பிகள், விமானியின் கண்ணாடியில் தெறிக்கும் ஒளி, தோல் தொப்பியின் சுருக்கங்கள் போன்றவையும் தெளிவாக உள்ளன. எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, பிலிமின் துகளை, அதாவது தூசியை அல்ல, படத்தையே உருவாக்கும் நுண்மணிகளை, அழித்துவிடாமல் விட்டிருப்பதை. பழைய படங்களைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில், துகளைக் கணினியால் துடைத்தெடுத்து, மனித முகங்களை மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடும் கொடுமை நம் நாட்டிலும் நடக்கிறது. இங்கே அதைச் செய்யவில்லை. 1.33:1 என்ற பழைய சட்ட அளவையும் மாற்றவில்லை. அகலத் தொலைக்காட்சியில் இரு பக்கமும் கருப்பு விழும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதை எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்பதை அறிந்தால் இந்தத் தரத்தின் அருமை புரியும். படத்தின் அசல் நெகடிவ் இன்று இல்லை. 1950களுக்கு முன்புவரை படங்கள் நைட்ரேட் பிலிமில் தயாரிக்கப்பட்டன. அது எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காமல் தப்பினாலும் நாளடைவில் தானே சிதைந்து, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். ‘விங்ஸ்’ ஒரு காலத்தில் அழிந்துபோன படம் என்றே கருதப்பட்டது. பிறகு பாரிஸிலுள்ள சினிமாத்தெக் பிரான்சேஸ் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. இந்தச் சீரமைப்புக்குப் பாரமவுண்டின் காப்பகத்தில் இருந்த ஒரு நகல் நெகடிவ் அடிப்படையாயிற்று. அந்த நகல் நெகடிவ் தேய்ந்துபோன ஒரு பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பிரதியில் ஏற்கனவே இருந்த கீறல்களும் நைட்ரேட் சிதைவின் திட்டுகளும் நகலில் படத்தின் பகுதியாகவே பதிந்துவிட்டன. பிலிமின் மேற்பரப்பில் விழுந்த கீறலைக் கழுவியோ திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்தோ போக்கலாம். உள்ளே படமாகப் பதிந்துவிட்ட கீறலுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. ஒவ்வொரு பிரேமையும் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு ஒப்பிட்டு, கெட்ட இடத்தை நல்ல இடத்தைக் கொண்டு நிரப்ப வேண்டும். காட்சி அசையாமல் நின்றால் இது சற்று எளிது. விமானம் சுழன்றுகொண்டும், கேமரா ஏறி இறங்கிக்கொண்டும், புகை பரவிக்கொண்டும் இருக்கும் பிரேமில் இரண்டு அடுத்தடுத்த பிரேம்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. எது கீறல், எது விமானத்தின் கம்பி என்பதைக் கணினியால் சொல்ல முடியாது, மனிதக் கண்தான் சொல்ல வேண்டும்.

எங்களோடு சேர்ந்து இதைப் பார்த்தவர்களில் ஒருவர் மன்னார்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸிலும் பிறகு கொட்டகையிலும் பல காலம் ஆபரேட்டராக இருந்தவர். தேய்ந்த பிரிண்ட்டில் திரை முழுவதும் கோடு கோடாக ஓடுவதை எங்கள் பக்கத்தில் ‘மழை’ என்போம். அந்தக் கண்ணோடுதான் அவர் எதையும் பார்ப்பார். முதல் ரீல் முடிந்ததும், “மழையை நிறுத்திட்டாங்க தம்பி, ஆனா ஈரம் இருக்கு” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பயிற்சி முகாம் காட்சிகளில் சில இடங்களில் வெளிச்சம் லேசாக ஏறி இறங்குகிறது. சில ஷாட்டுகளின் ஓரத்தில் சிதைவின் தடம் நிழலாக நிற்கிறது. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது கூர்மை குறைந்து மீண்டும் கூடுகிறது. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததை மறைக்க முயன்றிருந்தால் இதைவிட மோசமான ஒன்று கிடைத்திருக்கும்.

குறையென்று நான் சொல்ல வருவது வேறு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு உ. வே. சாமிநாதையரின் வேலை முறை ஓரளவு பரிச்சயமானது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு, ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, 1887 இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தபோது, அசல் என்று ஒன்று அவர் கையில் இல்லை. நகலின் நகல்களே இருந்தன. அவற்றிலும் செல்லரித்தவை, ஒடிந்தவை, எழுதியவர் பிழைபட எழுதியவை ஏராளம். ஆனாலும் எந்த ஏடு எங்கிருந்து கிடைத்தது என்பதை முகவுரையில் எழுதினார்; பாடபேதங்களைக் காட்டினார். படிப்பவன் அவருடைய முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு வேண்டிய கருவியையும் அவரே கொடுத்துவிட்டார். படச் சீரமைப்பும் பதிப்பு வேலைதான். ஒரு பிரேமில் கெட்டுப்போன பகுதியை நிரப்புகிறவர் ஒரு பாடத்தைத் தேர்கிறார். அப்படியிருக்க, இத்தனை உழைப்பைச் செய்தவர்கள், இது நெகடிவில் இருந்தது, இது நாங்கள் செய்தது என்று காட்டும் ஒரு சிறு புத்தகத்தையாவது பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டாமா? சீரமைப்பைப் பற்றிய குறும்படம் ஒன்று தட்டில் இருக்கிறது. பார்க்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் சீரமைப்பதற்கு முன்பும் பின்பும் என்று சில காட்சிகளை அருகருகே காட்டிப் பெருமைப்படுவது வேறு, கணக்குக் கொடுப்பது வேறு.

இது வீண் பிடிவாதம் அல்ல என்பதற்குத் தீப்பிழம்புகளே சான்று. 1927 இல் பெரிய நகரங்களில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது, சுடப்பட்ட விமானங்களிலிருந்து எழும் தீயும் துப்பாக்கி முனையில் தெறிக்கும் பொறியும் ஹேண்ட்ஷீகல் என்ற முறையில் வண்ணமேற்றப்பட்டிருந்தன. கருப்பு வெள்ளைப் பிரதியில் வேண்டிய இடத்துக்கு மட்டும் அச்சுமுறையில் சாயம் ஏற்றும் தொழில்நுட்பம் அது. கிடைத்த நெகடிவில் அந்த வண்ணம் இல்லை. எந்தெந்த இடத்தில் வண்ணம் வந்தது என்பதைக் காட்டும் பழைய ஆவணத்தைக் கொண்டு, இப்போது கணினியில் அதை மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள். சாம்பல் நிற வானத்தில் விமானத்தின் வாலிலிருந்து செம்மஞ்சள் நாக்கு நீள்வதை முதன்முறை பார்க்கும்போது அறையில் இருந்த எல்லோரும் ஒருகணம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1927 இன் பார்வையாளர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த வகையில் இது உண்மையான மீட்பு. ஆயினும் சில ஷாட்டுகளில் தீயின் விளிம்பு படத்தின் துகளோடு ஒட்டாமல், அதற்கு மேலே மிதப்பதுபோல் தோன்றுகிறது. சாயம் பிலிமுக்குள் ஊறி வந்திருந்தால் விளிம்பு இத்தனை துல்லியமாக இருந்திருக்காது என்று எனக்குப் படுகிறது. ஆனால் இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. வண்ணமில்லாத வடிவத்தையும் தட்டில் ஒரு தெரிவாகக் கொடுத்திருந்தால் வழி இருந்திருக்கும். வான்சண்டை தொடங்கும்போது திரையையே பெரிதாக்கிக் காட்டிய மேக்னஸ்கோப் என்ற ஏற்பாடும் அந்நாளில் சில அரங்குகளில் இருந்தது. அதை வீட்டில் போலி செய்ய முயலாமல் விட்டது நல்ல முடிவு.

ஒலியைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மௌனப் படத்தின் தட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுவார். இந்தத் தட்டில் இரண்டு ஒலித்தடங்கள் உள்ளன. முதலாவது, ஜே. எஸ். ஜமெக்னிக் 1927 இல் இந்தப் படத்துக்காக அமைத்த இசையை, டொமினிக் ஹவுசர் வாத்தியக் குழுவுக்கென மீண்டும் எழுதிப் புதிதாகப் பதிவு செய்தது. அதோடு பென் பர்ட் உருவாக்கிய ஒலிகளும் சேர்கின்றன: என்ஜின் இரைச்சல், இயந்திரத் துப்பாக்கி, குண்டு வெடிப்பு. இது பல ஒலிபெருக்கிகளில் பிரிந்து கேட்கும் 5.1 ஒலியாக வருகிறது. மௌனப் படத்துக்குச் சத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வரலாறு இந்த இடத்தில் பர்ட்டின் பக்கம் நிற்கிறது. அந்நாளின் பெரிய திரையிடல்களில் வாத்தியக் குழுவோடு விமான இரைச்சலும் வெடிச் சத்தமும் படத்துக்கு ஏற்ப எழுப்பப்பட்டன. பேச்சுதான் இல்லையே தவிர, கொட்டகை மௌனமாக இருந்ததில்லை.

பர்ட்டின் திறமை அளவில் இருக்கிறது. விமானம் தரையில் ஓடத் தொடங்கும்போது என்ஜின் முதலில் தயங்கி, இறைப்பு மோட்டாரைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும்போது கேட்குமே, அதுபோல் விட்டு விட்டுத் துடித்து, பிறகு சீராகிறது. மேலே எழுந்ததும் இசை முன்னுக்கு வர, இரைச்சல் பின்வாங்குகிறது. ஜெட் விமானத்தின் ஒலியைத் தலைக்கு மேல் கேட்டே பழகிய காதுக்கு, பிஸ்டன் என்ஜினின் இந்தத் தனித்தனித் துடிப்பு புதியதாகப்படும். சண்டையின் உச்சத்தில் சில வேளை இசையும் ஓசையும் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்பது உண்மை. சான் மியேல் போர்க் காட்சியில் குண்டுகள் வெடித்துக்கொண்டே இருக்கும்போது வயலின்கள் காணாமல் போய்விடுகின்றன. ஓசையின்றி இசையை மட்டும் கேட்க ஒரு மூன்றாவது தடம் இருந்திருக்கலாம் என்று மறுபடியும் அதே முறையீட்டைத்தான் வைக்கிறேன்.

இரண்டாவது தடம் கேலார்ட் கார்ட்டர் வாசித்த குழல் ஆர்கன் இசை. மௌனப் படக் காலத்திலேயே அரங்குகளில் ஆர்கன் வாசித்தவர் அவர். இது ஸ்டீரியோவில் மட்டுமே இருக்கிறது. பலர் இதை ஒரு கூடுதல் இணைப்பாக ஒதுக்கிவிடுவார்கள். எனக்கோ இரண்டாம் முறை பார்க்கும்போது இதுவே அதிகம் பிடித்தது. ஒரே வாத்தியக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே காட்சிக்கு வழிவிட்டு வாசிப்பதில் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. முகங்களை நெருங்கிக் காட்டும் இடங்களில் அவர் ஒதுங்கிக்கொள்ளும் விதம், பக்கவாத்தியம் தெரிந்த தவில்காரர் நாகசுர ஆலாபனைக்கு ஒதுங்குவதை அறிந்தவர்களுக்கு உடனே புலப்படும். கடைசி அரை மணி நேரத்தை ஆர்கனோடு பார்ப்பதையே பரிந்துரைப்பேன்.

இடையிடையே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் வசன வரிகள் இல்லை. குடும்பத்தோடு பார்க்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்த்தபோது எங்களில் ஒருவர் அட்டைகளை உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பத்து நிமிடத்துக்குப் பிறகு அது இடையூறாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் பேசாத படங்கள் ஓடிய காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வது வழக்கமாகவே இருந்தது. டெல்டாவின் தலைவாசலான திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டதிலிருந்து தொடங்கும் மரபு அது. எங்கள் நண்பர் சற்று மிகைப்படுத்திச் சொன்னதும் அந்த மரபைச் சேர்ந்ததாகவே இருக்கலாம்.

கூடுதல் இணைப்புகளில் படம் உருவான கதையைச் சொல்லும் பகுதி அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது; அதுதான் மிகப் பயனுள்ளது. முதல் உலகப் போரின் வான்சண்டையைப் பற்றிய பகுதி அறிமுகமாகப் போதும். சீரமைப்பைப் பற்றிய பகுதியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். திரையில் பறக்கும் விமானங்கள் எவையென்று அறிய விரும்புபவர்களுக்கு இவற்றில் போதிய விவரம் இல்லை என்பது விமானப் பைத்தியங்களுக்குச் சற்று ஏமாற்றம். அமெரிக்கரின் ஸ்பேட் விமானமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் தாமஸ்-மோர்ஸ் எம்பி-3; ஜெர்மானியரின் ஃபோக்கராக வருவது கர்ட்டிஸ் ஹாக்; பெருவிமானமான கோதா என்று சொல்லப்படுவது இரட்டை என்ஜின் கொண்ட அமெரிக்க மார்ட்டின் குண்டுவீச்சு விமானம். படம் தெளிவடைந்ததன் ஒரு பக்கவிளைவு, வேஷம் போட்ட இந்த விமானங்களை இப்போது எளிதாக அடையாளம் காண முடிவது. பழைய மங்கலான பிரதியில் அந்தக் கோதா இன்னும் பயங்கரமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் பார்த்து முடித்தபின் நம் பக்கத்து நிலவரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. புனேயில் 1964 இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்படுவதற்கு முன்பே பெரும்பாலான நைட்ரேட் பிரதிகள் போய்விட்டன. மிஞ்சியவற்றில் பலவற்றை 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்து கொண்டுபோனது. வெள்ளிக்காகப் பழைய பிலிமை உருக்கியவர்களும் உண்டு. ஒரு நகல் நெகடிவ் மட்டும் அலமாரியில் இருந்தால் எவ்வளவு மீட்க முடியும் என்பதற்கு இந்தத் தட்டு அளவுகோல். அந்த நகல் நெகடிவை யாரோ ஒருவர் ஒரு காலத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ப்ளூ-ரேயின் மண்டலப் பிரிவில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. வெளிநாட்டுத் தட்டை வரவழைப்பவர்கள் தங்கள் பிளேயர் அதை ஏற்குமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது. டிவிடி பதிப்பு விலை குறைவாகக் கிடைத்தாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேகத்துக்காக இத்தனை பாடுபட்ட படத்தை மேகம் தெரியாத அளவில் பார்ப்பதில் பொருளில்லை. தொலைக்காட்சியின் அமைப்பில் அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் முதலில் அதை அணைத்துவிட வேண்டும்; அது இருந்தால் 1927 இன் விமானங்கள் நேற்று எடுத்த நாடகத் தொடரைப்போல் நகரும். கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், ஏனெனில் அது கூட்டுவது துகளை மட்டுமே. படத்துக்கு நடுவே இடைவேளை விட்டு, முதல் பாதியை வாத்தியக் குழுவின் தடத்திலும், இறுதிப் பகுதியை ஆர்கன் தடத்திலும் வைத்துப் பார்க்கலாம். தடத்தை மாற்றுவதற்கு ரிமோட்டில் ஆடியோ பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், படம் நிற்காது.